ரெஸ்யூம் எழுதக் காசு கொடுக்கப் போகிறீர்களா? என் 4,500 ரூபாய் போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

நாகர்கோவிலில் ஒரு மாடிக் கடை. "ஏடிஎஸ் ரெஸ்யூம், கவர் லெட்டர், இன்டர்வியூ கேரண்டி" என்று போர்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே மாதிரி போர்டு மார்த்தாண்டத்திலும் தொங்குகிறது, ஆள்தான் வேறு.

நான் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் ஆறு வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். ஷீட், ஒட்டுப்பால் கொள்முதல் பில், டாலி, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களான ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதிக்குள், 3பி 20-ஆம் தேதிக்குள், லாரி கிளம்பும்போது இ-வே பில், எல்லாம் என் தலையில்தான். திருவனந்தபுரத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை ஏதாவது கிடைத்தால் தேவலை என்று பழைய ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு அந்த மாடி ஏறினேன். கடைக்காரர் அதை ஒரு தடவை பார்த்தார். "ரப்பர் கடைன்னு போட்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டான் மக்களே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஜிபேயில் 4,500 அனுப்பினேன். பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறேன் என்றார், அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தது இரண்டு பக்கம். இடது பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் என் போட்டோ, டாலிக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம், "லீடர்ஷிப் 90 சதவீதம்". யார் அளந்தது என்று தெரியவில்லை. ஆறு வருஷ வேலை "அக்ரோ துறையில் ஃபைனான்ஸ் எக்ஸிக்யூட்டிவ்" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி என்ற வார்த்தையே இல்லை. ஆனால் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும், நான் கண்ணால் பார்க்காத எஸ்ஏபி என்ற மென்பொருள் இருந்தது. சரி, விஷயம் தெரிந்தவர் எழுதியது என்று நானும் விட்டுவிட்டேன், அது என் தப்புதான்.

பதினாலு இடத்துக்கு அனுப்பினேன், ஒரே ஒரு இடத்திலிருந்து போன் வந்தது. இன்டர்வியூவில் அந்த மேடம் முதலில் கேட்டதே எஸ்ஏபியில் எந்த மாட்யூல் என்றுதான். எனக்குத் தெரியாது என்று சொல்லவே ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் அவரே, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட அனுபவம் இருக்கிறதா, அந்த ஆளைத்தான் தேடுகிறோம் என்றார். ஆறு வருஷம் போட்டிருக்கிறேன் என்றேன். அவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதில் ஒன்னும் எழுதியிட்டில்லல்லோ" என்றார். ஏற்கனவே ஒரு பொய் மாட்டிய பிறகு நான் சொன்ன உண்மையை அவர் எதற்கு நம்ப வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் அந்த பிடிஎஃப்பைக் கொடுத்தேன். அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான், போனில் என் பெயர் மேல் விரலை அழுத்திப் பிடித்தான். எழுத்து செலக்ட் ஆகவில்லை, பக்கம் முழுக்க ஒரே படம். ஏடிஎஸ் என்பது குவிகிற விண்ணப்பங்களை வாசித்துப் பிரித்து வைக்கிற மென்பொருள், அதற்கு எழுத்து வேண்டும், படமாகக் கொடுத்தால் பெரும்பாலும் வெற்றுத் தாள்தான். ஏடிஎஸ் ரெஸ்யூம் என்று போர்டு வைத்து விற்றது இதைத்தான். உங்கள் பிடிஎஃப்பையும் இப்பவே அழுத்திப் பாருங்கள்.

கவர் லெட்டர் இன்னும் மோசம். ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நான் அனுப்பிய கடிதத்தின் மூன்றாவது வரியில் "உங்கள் புகழ்பெற்ற பள்ளியில்" என்று இருக்கிறது. எந்த டீச்சருக்கு எழுதியதோ!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதற்கு அவர், இன்னும் 12,000 கட்டினால் கல்ஃப் பேக்கேஜில் சேர்த்துவிடுகிறேன் என்றார். நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் இந்தப் பேச்சு எடுபடும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்டே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. இவர் பெயர் அதில் இல்லை. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், கையில் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டும்.

இப்போது நானே ஒரு பக்கத்தில் எழுதிவிட்டேன். பட்டை இல்லை, நட்சத்திரம் இல்லை. முதல் வரியே ரப்பர் கடைதான்: மாதம் சுமார் 180 பில், ஆறு வருஷத்தில் ஒரு ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் கட்டியதில்லை. கடிதமும் அந்தந்த இடத்துக்குத் தனித்தனியாக, அவர்கள் விளம்பரத்தில் கேட்டதற்கு மட்டும் பதிலாக, பத்து வரி.

ஒரு விஷயம்தான் தீரவில்லை. "ப்ரொஃபெஷனலா இருக்கட்டும்" என்று அந்தக் கடைக்காரர் தன் போன் நம்பரிலேயே எனக்கு ஒரு புது மெயில் ஐடி திறந்து அதைத்தான் ரெஸ்யூமில் போட்டிருந்தார், பணம் கேட்ட மறுநாள் பாஸ்வேர்டு மாறிவிட்டது. அந்தப் பதினாலு இடத்திலிருந்தும் பதில் வந்தால் அதற்குத்தான் வரும்.