கூகுள் நடமாட்ட அறிக்கை: கூட்டத்தைச் சொல்லும், பயணத்தைச் சொல்லாது

கொரோனா காலத்தில், கடை, பணியிடம், வீடு போன்ற இடங்களில் மக்கள் நடமாட்டம் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று காட்டும் ‘கம்யூனிட்டி மொபிலிட்டி ரிப்போர்ட்ஸ்’ அறிக்கைகளை 2020 ஏப்ரலில் கூகுள் இலவசமாக வெளியிடத் தொடங்கியது; 2022 அக்டோபரோடு அது நின்றுபோனது. பழைய சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்புகளை இப்போதும் இறக்கிக்கொள்ளலாம். ஊரடங்கில் மக்கள் உண்மையிலேயே வீடடங்கினார்களா என்று மாவட்டவாரியாகப் பார்க்க அருமையான தரவு. ஆனால் படிக்கத் தெரியாமல் கைவைத்தால் தப்பாகத்தான் முடியும்.

முதலில் ஒப்பீட்டு அளவு, அதாவது ‘வழக்கம்’ என்று வைத்துக்கொண்ட எண். 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையான 5 வாரங்களில், ஒவ்வொரு கிழமைக்கும் கிடைத்த 5 எண்களின் இடைநிலைதான் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) அது. அந்த வருடப் பொங்கல் இதற்குள்தான் வந்தது. சராசரி எடுத்திருந்தால் கணக்குக் கெட்டிருக்கும். இடைநிலை என்பதால் ஒரு விடுமுறை நாள் பெரிதாக ஆட்டிவிடாது. ஆப்பிள் வெளியிட்ட இதே மாதிரி நடமாட்டத் தரவு ஜனவரி 13 என்ற ஒற்றை நாளோடு ஒப்பிட்டது. அந்த வகையில் கூகுளே மேல். என்றாலும் குளிர்நாடுகளின் ‘பூங்கா’ எண்ணை நம்பாதீர்கள். உறைபனிக்கால ஜனவரியோடு ஒப்பிட்டால் கோடையில் எண் எகிறத்தானே செய்யும்!

பலரும் வழுக்கும் இடம் ‘வீடு’. கடை, பணியிடம், பேருந்து நிலையம் போன்ற மற்ற ஐந்து பிரிவுகளும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகின்றன. வீடு மட்டும் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அளக்கிறது. வழக்கமாக 16 மணி நேரம் வீட்டில் இருப்பவர் நாள் முழுக்க அடைந்து கிடந்தாலும் 50 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆகவே வீட்டில் 25 சதவீதம் கூடுவது மிகப் பெரிய மாற்றம். பணியிடத்தில் 25 சதவீதம் குறைவதோடு அதைச் சேர்த்துப் பேசவே கூடாது.

ஞாயிறு பழைய ஞாயிறோடுதான் ஒப்பிடப்படுகிறது; வேலைநாளின் மாற்றமும் விடுமுறை நாளின் மாற்றமும் ஒரே அளவில் இராது என்பதால் வரைபடம் வாராவாரம் பல் பல்லாகத் தெரியும். 7 நாள் நகரும் சராசரி (ஒவ்வொரு நாளுக்கும் அதையொட்டிய 7 நாள்களின் சராசரி) எடுங்கள். தொற்று எண்ணிக்கையோடு பொருத்தும்போது 10 முதல் 14 நாள் தள்ளிவையுங்கள்; நோய் அரும்பி, பரிசோதனை முடிந்து, பட்டியலில் ஏற அவ்வளவு ஆகும். காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல, போதிய தரவு இல்லை என்று பொருள். போன போன இடத்தைப் பதிந்துவைக்கும் கூகுளின் ‘இருப்பிட வரலாறு’ (லொகேஷன் ஹிஸ்டரி) வசதியை இயக்கி வைத்த ஸ்மார்ட்போன்கள் மட்டுமே கணக்கில் வந்தன என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரிய குறை, எங்கிருந்து எங்கே என்பது இதில் கிடையாது. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னையில் முழு ஊரடங்கு என்றதும், முந்தின நாள் கடைகளில் கூட்டம் அலைமோதியது. அப்படிப்பட்ட கூட்டத்தை ‘மளிகை, மருந்துக்கடை’ பிரிவு அளக்கும். சென்னையின் மொத்தக் காய்கறிச் சந்தையான கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவர்கள் லாரி ஏறி அரியலூர், கடலூர், விழுப்புரம் போனதையும், அங்கே தொற்று கிளம்பியதையும் இந்தக் கோப்பு காட்டாது. அதற்குச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக எடுத்த, யார் யாரோடு பழகினார்கள் என்ற தொடர்புப் பட்டியல்தான் வேண்டும்.