பச்சை டிக்கை நம்பி இரண்டு வாரக் கணக்கை இழந்தோம்: பேக்கப் வேலைக்கு வெளியாள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இரண்டு ஊரில் கடை, இரண்டு சர்வர் என்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். 2025 தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது எங்களுக்கு நடந்தது இது.

மலேசியாவில், கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகை மொத்த வியாபாரத்தில் கணக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். எங்கள் முதலாளி பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையை வாங்கினார். கடையோடு அதன் சர்வரும் வந்தது. கேஎல்லில் ஒரு விண்டோஸ் டொமைன் (யூசர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பு), அங்கே வேறொரு டொமைன், இரண்டுக்கும் நடுவில் டிரஸ்ட் கிடையாது. அதாவது இங்குள்ள யூசர் பெயர் அங்கே செல்லாது, அங்குள்ளது இங்கே செல்லாது. பினாங்கு எஸ்க்யூஎல் சர்வர் (கணக்கு டேட்டாவை வைத்திருக்கும் மென்பொருள்) ராத்திரி 11 மணிக்கு எடுக்கும் பேக்கப்பில் ஒரு நகல், விபிஎன் (இணையத்தில் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக கேஎல்லுக்கு வந்து சேர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

தெரிந்தவர் சொல்லி ஒரு ஐடி நிறுவனம் வந்தது. இரண்டு டொமைனுக்கும் டிரஸ்ட் போட்டால்தான் முடியும், 18,000 ரிங்கிட் ஆகும் என்றார்கள். ஃபைல் நகலெடுக்க டிரஸ்ட் தேவையே இல்லை. எந்த சர்வரில் போய் எழுதுகிறோமோ, படிக்கிறோமோ, அங்கே செல்லுபடியாகும் ஒரு யூசர் கணக்கு இருந்தால் போதும். இது எனக்கு அப்போது தெரியாது. முதலாளி தயங்கியதும் 6,800க்கு இறங்கினார்கள், மாதம் 350 பராமரிப்பு. கொட்டேஷனில் 'பேக்கப் காப்பி செட்டப்' என்று ஒரே வரி. ஆகஸ்ட் 18ஆம் தேதி வந்து, மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 13, திங்கள் காலை. பினாங்கு கடையில் கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் தொறக்க மாட்டேங்குது, வெளிய ஆளுங்க நிக்கிறாங்க." விண்டோஸ் இருந்த டிஸ்க் நன்றாக இருந்தது. டேட்டா இருந்த டிஸ்க் போய்விட்டது, அங்கேயே வைத்திருந்த பேக்கப்பும் அதோடு போனது. பரவாயில்லை, நகல் இங்கே இருக்கிறதே என்று கேஎல் சர்வரில் ஃபோல்டரைத் திறந்தேன். கடைசி ஃபைலின் தேதி செப்டம்பர் 28. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நான்கைந்து முறை ரிஃப்ரெஷ் செய்தேன். கை நடுங்கியது.

ஆனால் பினாங்கு சர்வரில் ஜாப் ஹிஸ்டரியை (ராத்திரி தானாக ஓடும் வேலையின் பதிவை) பார்த்தால் அக்டோபர் 12 வரை எல்லா ராத்திரியும் பச்சை டிக். அந்த ஐடி நிறுவனம் அனுப்பிய செப்டம்பர் மாத ரிப்போர்ட்டிலும் 29, 30 இரண்டு நாளும் பச்சைதான்.

ஜாப் ஓட்டும் பேட் ஃபைலை (கட்டளைகள் எழுதிய ஃபைலை) நோட்பேடில் திறந்து பார்த்தேன். மொத்தம் மூன்று வரி.

முதல் வரி 'நெட் யூஸ்', அதாவது வேறு சர்வரின் ஃபோல்டரோடு இணைக்கும் கட்டளை. கேஎல் டொமைனில் அவர்கள் உண்டாக்கிய கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் அதில் அப்படியே எழுதியிருந்தன. விண்டோஸ் டொமைனில் செட்டிங்கை யாரும் மாற்றாவிட்டால் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். ஆகஸ்ட் 18இல் இருந்து எண்ணினால் செப்டம்பர் 29. அன்று பாஸ்வேர்ட் காலாவதியானது, அன்று இரவே நகல் நின்றது.

இரண்டாவது வரி ரோபோகாப்பி, விண்டோஸில் ஃபைல் நகலெடுக்கும் கட்டளை. மூன்றாவது வரி 'எக்ஸிட் 0'. எங்கள் கழுத்தை அறுத்தது இந்த மூன்றாவது வரிதான். ரோபோகாப்பி ஒழுங்காக நகலெடுத்தால் 1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். 8ஓ அதற்கு மேலோ வந்தால்தான் தோல்வி, 16 என்றால் எதுவுமே நகலாகவில்லை. ஜாப்பை ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்டோ, நாம் மாற்றிச் சொல்லாதவரை, 0 வந்தால் மட்டுமே வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். அதனால் நல்லபடியாக நகலான ராத்திரியிலும் ஜாப் சிவப்பாகக் காட்டும். 8க்குக் கீழே வந்தால் வெற்றி, 8ஓ அதற்கு மேலோ வந்தால் தோல்வி என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. இவர்கள் அதைச் செய்யாமல், என்ன நடந்தாலும் 0 சொல்லு என்று எழுதி வைத்துவிட்டார்கள். புகை வருகிறது என்று அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிய மாதிரி.

இதைவிட என்னைப் பதற வைத்தது இன்னொன்று. அந்தக் கணக்கை 'டொமைன் அட்மின்ஸ்' குழுவில் சேர்த்திருந்தார்கள். ஒரு ஃபோல்டரில் எழுத மட்டும் வேண்டிய கணக்குக்கு எங்கள் கேஎல் அலுவலகத்தின் மொத்தச் சாவி! பினாங்கு சர்வருக்குள் நுழைந்த யாரும் அதைப் படித்திருக்கலாம். எங்கள் சம்பளக் கணக்கில் எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய அளவில் தனிப்பட்ட தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். லாகின் பதிவுகளை வேறு ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நுழைந்த தடயம் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை.

அந்த நிறுவனத்தைக் கேட்டால், "பாஸ்வேர்ட் எக்ஸ்பயரி உங்க பாலிசி சார், எங்க வேலை இல்ல" என்றார்கள். சரி செய்துதர 2,500 கேட்டார்கள். எக்ஸிட் 0 பற்றி வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

அக்காவும் கடைப் பையன்கள் இரண்டு பேரும் கார்பன் நகல் புத்தகங்களை வைத்துக்கொண்டு இரண்டு வார ரசீதை மறுபடி டைப் செய்தார்கள். மஞ்சள் தூள் பட்ட விரலால் புரட்டிப் புரட்டி, சில தாளில் எண்ணே தெரியவில்லை. அந்த வாடிக்கையாளர்களிடம் எவ்வளவு பாக்கி என்று நாங்களே போன் செய்து கேட்டோம். பெரும்பாலானவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள்.

இப்போது நானே மாற்றி அமைத்திருக்கிறேன். பினாங்கு அனுப்புவதில்லை, கேஎல் போய் எடுத்துக்கொள்கிறது. அதற்காக பினாங்கு சர்வரில் மட்டும் செல்லும் ஒரு லோக்கல் கணக்கு, அந்த ஒரு ஃபோல்டரைப் படிக்க மட்டும் உரிமை. அங்கே வைரஸ் புகுந்தாலும் இங்குள்ள நகலை அழிக்க அந்தக் கணக்கால் முடியாது. பாஸ்வேர்ட் பேட் ஃபைலில் இல்லை, விண்டோஸ் பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கிறது. அதை மாற்றும் தேதி என் காலண்டரில் இருக்கிறது. பேக்கப் எடுக்கும்போதே செக்சம் (ஃபைல் கெட்டதா என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) போடுகிறோம். ஜாப் என்ன நிறம் காட்டினாலும் சரி, ஃபோல்டரில் உள்ள புதிய ஃபைல் 26 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் எனக்கு ஈமெயில் வரும்.

'ரெஸ்டோர் வெரிஃபை ஒன்லி' என்ற பேக்கப் சோதனைக் கட்டளையை ஓட்டிவிட்டுப் போதும் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ஃபைல் முழுதாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்றுதான் அது பார்க்கும். உள்ளே இருக்கும் கணக்கு சரியா என்று பார்க்காது. உங்களுக்கு யாராவது செட்டப் செய்து தந்திருந்தால், வேறு சர்வரில் ரெஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பில் இருந்து மீட்டு, உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். இன்றைக்கே அந்த பேட் ஃபைலை நோட்பேடில் திறந்து கடைசி வரியையும் பாருங்கள்.

நாங்கள் ஞாயிறு இரவு முழுதாக ரெஸ்டோர் செய்கிறோம். திங்கள் காலை கடை திறக்கும் முன் அக்கா போன் செய்து, சனிக்கிழமை போட்ட கடைசி ரசீதின் எண்ணையும் தொகையையும் சொல்வார். நான் இங்கே நகலில் தேடி, திருப்பிப் படித்துக் காட்டுவேன். பிறகுதான் இருவரும் வேலையைத் தொடங்குகிறோம்.