சாக்ரட்டீஸுக்கு முந்தியோரைப் படிக்க: டீல்ஸ்-கிரான்ஸா, லாக்ஸ்-மோஸ்ட்டா?

சாக்ரட்டீஸுக்கு முன் வாழ்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் ஹெராக்ளைடஸின் நூல் முழுதாக இன்று இல்லை. அதே காலத்து அனாக்ஸிமாண்டர், பார்மெனிடீஸ் போன்றோரின் நூல்களின் கதியும் அதுவே. மிஞ்சியிருப்பவை பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட துணுக்குகள்தான். ஆகவே எந்தத் தொகுப்பை வைத்துப் படிக்கிறோம் என்பது சின்ன விஷயமல்ல.

ஹெர்மன் டீல்ஸ் 1903இல் வெளியிட்டு, பிறகு வால்தர் கிரான்ஸ் திருத்தியது பழைய தொகுப்பு, சுருக்கமாக டி.கே. ஆளுக்கொரு எண்: அனாக்ஸிமாண்டர் 12, ஹெராக்ளைடஸ் 22. பிறர் சொன்ன செய்திகள் 'ஏ', சொந்த வாசகங்கள் 'பி'. '22 பி 30' என்றால் உலகை என்றும் எரியும் தீயாகச் சொல்லும் வாசகம் என்று துறையில் எல்லோருக்கும் புரியும். இந்த எண்களை விட்டுவிட்டு ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது.

ஆனால் வாசிக்க இது மோசமான துணை. ஹெராக்ளைடஸ் பகுதியில் முதல் இரண்டைத் தவிர மற்றவை, மேற்கோள் காட்டியவர்களின் பெயர் அகரவரிசையில் நிற்கின்றன. அதனால்தான் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ் எடுத்துக்காட்டியது 4ஆம் எண்ணில் வருகிறது. ஆற்றைப் பற்றிய வாசகங்கள் 12, 49அ, 91 என்று சிதறிக் கிடக்கின்றன. புதிதாக வருபவர் இந்த வரிசையையே ஹெராக்ளைடஸின் சிந்தனைப் போக்கு என்று நினைத்துவிடுவார். இதைவிடப் பெரிய ஆபத்து ஏ, பி என்ற கோடு. அனாக்ஸிமாண்டர் விஷயத்தில் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸின் ஒரே பத்தி 12 ஏ 9, 12 பி 1 என்று வெட்டப்பட்டிருக்கிறது. அனாக்ஸிமாண்டரின் சொந்தச் சொற்கள் எங்கே தொடங்குகின்றன என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. பி 1ஐ மட்டும் படித்தால் அப்படியொரு சர்ச்சை இருப்பதே தெரியாது.

ஆந்த்ரே லாக்ஸ், கிளென் மோஸ்ட் தொகுப்பு 2016இல் லோப் வரிசையில் (கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கிலத்தோடு வெளியிடும் வரிசை) 9 தொகுதிகளாக வந்தது. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். ஆளைப் பற்றியவை, கோட்பாடு, பிற்கால வரவேற்பு என மூன்று பிரிவு. கோட்பாட்டுப் பகுதி பொருள்வாரியாக அடுக்கப்பட்டது. துணுக்கின் அருகிலேயே டி.கே. எண் இருப்பதால் ஒத்துப்பார்ப்பது எளிது. பழைய கிரேக்க ஓலைச்சுவடிகளான டெர்வேனி பாப்பிரஸ், 1999இல் பதிப்பான ஸ்ட்ராஸ்பர்க் பாப்பிரஸ் (எம்பிடக்ளிஸ் கவிதை அடிகள் கொண்டது) இரண்டும் இதில் உண்டு; டீல்ஸ் காலத்தில் இவை பதிப்பாகவில்லை. கவிதையில் எழுதிய சிந்தனையாளர் எம்பிடக்ளிஸைப் படிப்பவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். டீல்ஸ் அவருடைய 'தூய்மைச் சடங்குகள்' கவிதைக்கு ஒதுக்கிய பி 139இன் அடிகள், ஸ்ட்ராஸ்பர்க் ஓலையில் இயற்கை பற்றிய அடிகளோடு சேர்ந்து நிற்கின்றன.

குறையும் உண்டு. பொருள்வாரி அடுக்கு என்பதும் பதிப்பாசிரியர்களின் முடிவுதான். விளக்கக் குறிப்புகளோ மிகக் குறைவு. அதற்கு கிர்க், ரேவன், ஸ்கோஃபீல்டின் ஒற்றைத் தொகுதி (இரண்டாம் பதிப்பு, 1983) நல்லது. சோஃபிஸ்டுகள் (கூலிக்குப் பேச்சுக்கலை கற்பித்த அக்கால ஆசிரியர்கள்) மட்டும் அதில் இல்லை.

வாசிக்க லாக்ஸ்-மோஸ்ட், மேற்கோள் எண் குறிப்பிட டி.கே. லாக்ஸ்-மோஸ்டின் ஒன்பது தொகுதிகளையும் வாங்க வேண்டியதில்லை. ஹெராக்ளைடஸ் மட்டும் வேண்டுமென்றால் 3ஆம் தொகுதி போதும். எதைப் படித்தாலும், மேற்கோள் காட்டிய மூலநூலைத் திறந்து முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்த பிறகே அந்தத் துணுக்கை வைத்து வாதம் கட்டுங்கள்.