பற்றரி வயரில் ஏர்த்: தேடிப் பிடிக்க எந்த வழி?

திருகோணமலையில் வாடை தொடங்கி நாலு மழை பெய்தால் போதும், சப்-ஸ்டேஷன் பற்றரிப் பக்கம் ஏர்த் அலாரம், அதாவது வயரிலிருந்து மின் நிலத்துக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை, அடிக்கத் தொடங்கிவிடும். கச்சான் வீசும் மாதங்களில் அதே வயர், அதே பெட்டி, ஒரு முனகலும் இருக்காது. ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து பார்க்கிற வேலை இது.

110 வோல்ற் டீசியில் பிளஸ், மைனஸ் இரண்டையும் நிலத்தோடு இணைக்காமல் விடுவது வேண்டுமென்றேதான். ஒரு இடத்தில் ஏர்த் ஆனாலும் பியூஸ் போகாது, லைனில் கோளாறைக் கண்டு பிரேக்கருக்குக் கட்டளை கொடுக்கும் ரிலேக்கள் பாட்டுக்கு வேலை செய்யும். வில்லங்கம் இரண்டாவது ஏர்த்தில். பிளஸ் பக்கம் ஒன்று, ரிலே தொடுமுனைக்கும் ட்ரிப் கொயிலுக்கும் (பிரேக்கரைத் திறக்கும் சுருள்) நடுவே இன்னொன்று என்றால், ரிலே சொல்லாமலே பிரேக்கர் விழும், லைன் துண்டிக்கப்படும். கொயிலின் இரண்டு முனையிலும் ஏர்த் என்றால் விழவேண்டிய நேரத்தில் விழாது. ஆகவே முதலாவதைத் தனியாக இருக்கும்போதே பிடிக்கவேண்டும்.

கையில் மீற்றர் மட்டும் இருந்தால்கூட ஓரளவு தெரியும். 55 செல், ஃப்ளோட்டில் (சார்ஜர் பற்றரியை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும் நிலை) சுமார் 123 வோல்ற். நிலத்துக்கு அளந்தால் இரு பக்கமும் ஏறத்தாழ 61 காட்டவேண்டும். பிளஸ் பக்கம் 90, மைனஸ் பக்கம் 33 என்றால் கசிவு மைனஸில். பழைய இரட்டை பல்ப் முறையும் இதையேதான் சொல்கிறது: ஏர்த் ஆன பக்கத்து பல்ப் மங்கும், மற்றது பளிச்சிடும். ஆனால் இரு பக்கமும் ஒரே அளவு கசிந்தால் மீற்றரும் பல்ப்பும் சமநிலை காட்டி ஏமாற்றிவிடும். எந்த ஃபீடர், அதாவது பற்றரியிலிருந்து பிரிந்து போகும் எந்த வயர்க்கிளை, என்றும் தெரியாது.

அதனால்தான் பலர் ஃபீடர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறார்கள். செலவில்லை, சரி. ஆனால் நிறுத்துகிற அந்தக் கொஞ்ச நேரம் அந்த லைனுக்குப் பாதுகாப்பே இல்லை. திரும்பப் போடும்போது சில ரிலேக்கள் தாறுமாறாக நடக்கவும் கூடும். ஃபீடர் இரண்டு பக்கத்தால் ஊட்டப்பட்டிருந்தால் ஒரு சுவிட்சை நிறுத்தி ஒன்றும் ஆகாது. இரண்டு ஃபீடரில் ஏர்த் இருந்தால் ஒன்றை நிறுத்தினாலும் அலாரம் போகாது, தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். லைன் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். மெகரை (உயர் வோல்ற் கொடுத்து வயரின் காப்பை அளக்கும் கருவி) உயிருள்ள டீசியில் வைப்பது அதைவிட மோசம். 500 வோல்ற்றை இலத்திரனியல் ரிலேக்கள் தாங்காது.

பற்றரி வயருக்கும் நிலத்துக்கும் இடையே சிக்னல் செலுத்தி, கிளாம்ப்பால் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவி) தேடுவதுதான் என் தெரிவு. எதையும் நிறுத்தத் தேவையில்லை. பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் சேர்த்துக் கிளாம்ப்புக்குள் விட்டால் லோட் மின்னோட்டம் ஒன்றையொன்று அடித்துவிடும், நிலத்துக்குப் போவது மட்டும் மிஞ்சும். கேபிள் வழியே நகர்ந்துகொண்டே போனால் சிக்னல் அற்றுப்போகிற இடம்தான் ஏர்த். அங்கே யார்டில் ஒரு பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான்: கேபிள் நுழைகிற துளையில் ரப்பர் வெடித்து, டெர்மினல் வரிசையின் அடியில் பச்சைப்பூப்பு படர்ந்து, திருகில் ஒரு நீர்த்துளி தொங்கும்.

இதிலும் இரண்டு வகை. ஏசி சிக்னல் விரைவாகக் காட்டும், ஆனால் நீளமான கேபிளின் கொள்ளளவமும் ரிலேக்களுக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிற்றர்களும் அதைக் கடத்திவிடும். இல்லாத ஏர்த்தைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டிவரும். அதிர்வெண் குறையக் குறைய இந்தத் தொல்லை குறையும். மெதுவான டீசி துடிப்பு என்றால் கப்பாசிற்றர் நிரம்பி முடியும்வரை காத்திருந்து அளக்கும். நேரம் எடுக்கும், ஆனால் பொய் சொல்வது குறைவு. எதுவானாலும் மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள். சில ரிலே உள்ளீடுகள் சில மில்லிஅம்பியரிலேயே துள்ளிவிடும்.

ஒவ்வொரு ஃபீடரிலும் நிரந்தரமாக உணரி வளையம் மாட்டுவது செலவான வழி. ஐஈசி 61557-9 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் இத்தகைய கருவிகளுக்கென்றே இருக்கிறது. சின்ன நிலையத்துக்கு வீண் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிளாம்ப்பை இது வென்றுவிடும்: நள்ளிரவு மழையில் வந்து, காலை வெயிலில் காய்ந்து மறையும் ஏர்த். நீங்கள் கிளாம்ப்போடு போய்ச் சேரும்போது அங்கே ஒன்றுமே இருக்காது. வளையமோ எந்த ஃபீடர், எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்திருக்கும். புதிய பனல் வருகிறதென்றால் கேபிள் முடிப்பதற்கு முன்பே வளையத்தைக் கோத்துவிடச் சொல்லுங்கள். மூடிய வளையத்தைப் பிறகு போடுவதென்றால் வயரைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.