விப்ரியோவின் கைரேகை: எரிக், பி.எஃப்.ஜி.இ., எம்.எல்.எஸ்.டி., முழு ஜீனோம் – எந்த வேலைக்கு எது?

குளத்தில் வனாமி இறால் குஞ்சு விட்டு 35 நாளுக்குள் சாவு விழுகிறது. கல்லீரல்-கணையம் வெளிறிச் சுருங்கி, குடல் காலியாகக் கிடக்கிறது. ஏ.எச்.பி.என்.டி. (இறாலின் கல்லீரல்-கணையத்தை வேகமாக அழிக்கும் பாக்டீரியா நோய்) சந்தேகம் வருவது இப்படித்தான். 2009இல் சீனாவில் தலைகாட்டிய இந்த நோய் 2013இல் மெக்சிகோவை எட்டியது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியாதான் முதலில் பிடிபட்ட குற்றவாளி. ஆனால் அந்த இனம் முழுக்கக் கொலைகாரர்கள் அல்ல. சுமார் 70 கிலோபேஸ் (70,000 டி.என்.ஏ. எழுத்து) நீள ப்ளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) ஒன்றில் இருக்கும் பிர்ஏ, பிர்பி நச்சு மரபணுக்கள் எந்த ஐசோலேட்டிடம் (மாதிரியிலிருந்து பிரித்து வளர்த்த பாக்டீரியா) இருக்கிறதோ அதுதான் கொல்லும். இந்த ப்ளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். விப்ரியோ ஹார்வியை, விப்ரியோ கேம்பெல்லியை ஆகிய இனங்களிலும் அது கிடைத்திருக்கிறது.

ஐசோலேட்டுகளில் எது எதற்கு உறவு என்று பிரிக்கும் நான்கு முறைகள்தான் தலைப்பில் உள்ளவை. ஆனால் ப்ளாஸ்மிட் தாவுவதால், குரோமோசோமை வைத்து வரையும் உறவு மரம் ஒரு பக்கம், நோய் உண்டாக்கும் திறன் இன்னொரு பக்கம். எந்த முறையை எடுத்தாலும் பிர்ஏ, பிர்பி பி.சி.ஆரை (குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) தனியாகப் போட்டே ஆக வேண்டும். ப்ளாஸ்மிட்டை மட்டும் தேடும் பழைய ஏபி1, ஏபி2 ப்ரைமர்கள் (பி.சி.ஆர். எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டி.என்.ஏ. துண்டுகள்) போதாது: ப்ளாஸ்மிட் இருந்தும் நச்சு மரபணு உதிர்ந்துபோன ஐசோலேட்டுகள் உண்டு.

செலவு குறைந்தது எரிக்-பி.சி.ஆர்.: ஜீனோமில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைக் குறிவைத்துப் பெருக்கி, ஜெல்லில் விழும் பட்டை வரிசையை ஒப்பிடுவது. 22 பேஸ் நீள ப்ரைமர் இரண்டு, 25 மைக்ரோலிட்டர் கலவை, 52 டிகிரியில் அனீலிங் (ப்ரைமர் ஒட்டும் கட்டம்), 1.5 முதல் 2 சதவீத அகரோஸ் ஜெல். ஒரே நாளில் பட்டைகள் கைக்கு வரும். தொல்லையும் அந்தப் பட்டைகளில்தான். டி.என்.ஏ. அளவு கொஞ்சம் மாறினாலோ வேறு கம்பெனி பாலிமரேஸ் போட்டாலோ மங்கலான பட்டை மறையும், புதிது முளைக்கும். ஒவ்வொரு ஜெல்லிலும் தெரிந்த ஐசோலேட் ஒன்றை ஓட்டி, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தடவை செய்து, இரண்டிலும் தெரிகிற பட்டைகளை மட்டும் எண்ணுங்கள். ஒரு பண்ணையின் 40 ஐசோலேட்டில் எவை ஒரே அச்சு என்று பிரிக்க இது போதும். அடுத்த லேபின் ஜெல் படத்தோடு ஒப்பிடுவது வீண் வேலை.

பி.எஃப்.ஜி.இ. (திசை மாறும் மின்புலத்தில் பெரிய டி.என்.ஏ. துண்டுகளை ஜெல்லில் பிரிக்கும் முறை) ஒரு காலத்தில் தங்கத் தரம். நாட்-1, எஸ்எஃப்ஐ-1 நொதிகளால் முழு டி.என்.ஏ.வை வெட்டி 18 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். சில விப்ரியோக்களின் டி.என்.ஏ. ட்ரிஸ் பஃபரில் ஓடும்போதே சிதையும். பட்டைக்குப் பதில் தீற்றல் மிஞ்சும். ரன்னிங் பஃபரில் 50 மைக்ரோமோலார் தயோயூரியா சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். இன்று புதிதாக இந்தக் கருவி வாங்கச் சொல்ல மாட்டோம். உணவு வழி நோய்க் கிருமிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையமைப்பே 2019இல் இதை விட்டு ஜீனோமுக்குப் போய்விட்டது.

எம்.எல்.எஸ்.டி.யில் ரெக்ஏ, ஜைர்பி உள்ளிட்ட 7 மரபணுத் துண்டுகளின் எழுத்து வரிசையை இருபுறமும் படிக்க வேண்டும். ஐசோலேட்டுக்கு 14 ரீடு (ஒரு தடவை வாசித்த வரிசை). அந்த 7 வரிசைகளின் சேர்க்கைக்குக் கிடைக்கும் வகை எண்ணை உலகில் யாரோடும் ஒப்பிடலாம், அதுதான் பலம். ஒரே ஒரு பேஸைத் தப்பாக வாசித்தாலும் 'புதிய' அல்லீல் (அந்த மரபணுவின் ஒரு வடிவம்) பிறந்துவிடும். புதிய எண் கேட்டு விண்ணப்பிக்கும் முன் இருபக்க க்ரோமட்டோகிராமிலும் (வாசிப்புக் கருவி தரும் வரைபடம்) அந்த பேஸின் சிகரத்தைக் கண்ணால் பாருங்கள்.

முழு ஜீனோம் சுமார் 50 லட்சம் பேஸ். ஒவ்வொரு பேஸையும் சராசரியாக 50 தடவை வாசிக்க (50 மடங்கு கவரேஜ்) 250 மெகாபேஸ் (25 கோடி பேஸ்) தரவு போதும். எம்.எல்.எஸ்.டி. எண், நச்சு மரபணு, மருந்து எதிர்ப்பு எல்லாம் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மெக்சிகோ வகை ப்ளாஸ்மிட்டில் இருக்கும், தென்கிழக்கு ஆசிய வகையில் இல்லாத 4,243 பேஸ் ட்ரான்ஸ்போசானும் (இடம் மாறித் தாவும் டி.என்.ஏ. துண்டு) தெரியும். ஆனால் குட்டை ரீடு மட்டும் இருந்தால் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ப்ளாஸ்மிட் துண்டுதுண்டாகும். நானோபோர் என்ற கருவி தரும் நீள ரீடு சேர்த்தால்தான் ப்ளாஸ்மிட்டின் வட்டம் மூடும். விப்ரியோக்கள் தங்களுக்குள் மரபணுவைத் தாராளமாகப் பரிமாறிக்கொள்பவை. அப்படிப் பரிமாறிய பகுதிகளை நீக்காமல் எஸ்.என்.பி. (ஒற்றை பேஸ் வேறுபாடு) மரம் வரைந்தால் ஒட்டு உறவில்லாதவை அண்ணன் தம்பியாக நிற்கும்.

எங்கள் தேர்வு: எரிக்கில் சலித்து, ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றிரண்டை ஜீனோமுக்கு அனுப்புவது. ஜீனோம் கட்டணம் கட்ட முடிகிற இடத்தில் எம்.எல்.எஸ்.டி. தனியாகத் தேவையில்லை.

மாதிரி கெட்டால் எந்த முறையும் கைகொடுக்காது. செத்து மிதப்பதை விட்டு, சாகும் தறுவாயில் உள்ள இறாலின் கல்லீரல்-கணையத்தை எடுங்கள். டி.சி.பி.எஸ்.ஸில் (விப்ரியோவை வளர்க்கும் ஊடகம்) பச்சைக் காலனி வந்தால் பாராஹீமோலிட்டிகஸ் என்று முடிவு கட்டாதீர்கள், கேம்பெல்லியையும் பச்சைதான்.