சாண்டோரினி வைன்: ஃப்ரீசரில் மட்டும் போடாதீர்கள்

கப்பலில் வேலை செய்யும் அத்தை மகன் இந்த முறை கிரீஸிலிருந்து இரண்டு பாட்டில் வைன் கொண்டுவந்தார். இரண்டும் சாண்டோரினி தீவுச் சரக்கு. எனக்குக் கடலூர். பாட்டிலோடு சோதனைச் சாவடியைத் தாண்டும் தைரியம் இல்லாததால், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு மாடியிலேயே திறந்தோம்.

முதலாவது வெள்ளை. அசிர்டிகோ என்கிற, அந்தத் தீவைப் பூர்வீகமாகக் கொண்ட திராட்சை. மச்சான் பீர் நினைப்பில் அதை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் போட்டுவிட்டார். முதல் வாய்க்கு ஜில்லிப்பும் புளிப்பும்தான் தெரிந்தது. இதற்கா 28 யூரோ என்று கேட்டுவிட்டேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வஞ்சிரம் வறுக்கக் கீழே போனோம். கால் மணி நேரம் கழித்து வந்து குடித்தால் வேறு வைன்! எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை. நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு. மீனுக்கு எலுமிச்சை பிழியும் வேலையே மிச்சம்.

மச்சான் போனில் தோட்டத்தைக் காட்டினார். கம்பம் பக்கம் தலைக்கு மேல் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சை பார்த்த கண்ணுக்கு அது தோட்டமாகவே தெரியவில்லை. கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி சுற்றிச் சுற்றி வளர்க்கிறார்கள். குலைகள் கூடைக்குள் இருக்கும். கடல் காற்றும் வெயிலும் அடிக்காது. 2011 டிசம்பர் 30, தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் எங்கள் கொல்லையில் ஒரு பலாகூட மிஞ்சவில்லை. அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தேன்.

மண்ணும் விசேஷம். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும், களிமண் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை மொட்டையடித்த பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சிக்கு அங்கே பிழைக்க வழியில்லை. அதனால் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே கொடிகள் நிற்கின்றன. கோடையில் மழை கிடையாது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் பிடித்து வைத்துக்கொள்கிறதாம்.

(கடலூரிலிருந்து பாண்டி வரும் வழியில்தானே அரிக்கமேடு என்கிற பழங்காலத் துறைமுகம். அங்கே தோண்டியபோது கோஸ் என்கிற இன்னொரு கிரேக்கத் தீவின் வைன் சாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மச்சான் செய்தது ஒன்றும் புது வேலை இல்லை.)

இரண்டாவது வின்சாண்டோ என்கிற இனிப்பு வைன். அசிர்டிகோவோடு ஐதானி, அதிரி திராட்சைகளையும் சேர்த்து, கடலூர் துறைமுகத்தில் கருவாடு காயப்போடுவது போல வெயிலில் பரப்பிக் காயவைத்துப் பிழிகிறார்கள். பிறகு மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு வருஷம். நிறம் நல்லெண்ணெய்க்கும் கருப்பட்டிப் பாகுக்கும் நடுவில். உலர்ந்த அத்தி, பேரீச்சை, அடியில் விடாத புளிப்பு. அருமைதான், ஆனால் எனக்கு அரை டம்ளருக்கு மேல் இறங்கவில்லை. காசு கொடுத்து வாங்குவதென்றால் வெள்ளையைத்தான் வாங்குவேன்.

அத்தை மாடிக்கு வந்து மோந்து பார்த்தார். “இது என்னடா, லேகிய வாசனை அடிக்குது?” என்றவர், ஒரு ஸ்பூன் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார்.