அலாய் வீலைக் கழுவ எது நல்லது: ஷாம்பூவா, இரும்பு நீக்கியா, ஆசிட்டா?

முன் சக்கரங்கள் இரண்டும் கறுத்துக் கிடக்கும். பின் சக்கரங்கள் ஓரளவு வெளுப்பாகவே இருக்கும். கார் வைத்திருப்பவர்கள் பலரும் இதைக் கவனித்திருப்பார்கள். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்னால் திறந்த தட்டாகச் சுழலும் டிஸ்க் பிரேக், பின்னால் மூடிய உருளைக்குள் வேலை செய்யும் டிரம் பிரேக். டிரம்மில் தேயும் தூள் பெருமளவு உள்ளேயே தங்கிவிடுகிறது. டிஸ்க்கில் தேய்வது நேராக ரிம்மின் மேல் வந்து படிகிறது. வார்ப்பிரும்பு டிஸ்க்கிலிருந்தும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலிருந்தும் உதிரும் அந்தத் தூளில் இரும்புத் துகள்கள் நிறைய உண்டு. சூட்டோடு வந்து ஒட்டும் துகள், ஈரம் பட்டதும் துருவாகி மேல்பூச்சை அரிக்கத் தொடங்குகிறது. வெறும் தண்ணீர் பீய்ச்சினால் இது போகாது.

போக்குவதற்குச் சந்தையில் வழிகள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அழுக்கைப் பார்த்து முடிவு செய்கிறவர்களே அதிகம். அழுக்கு கெட்டியாக இருந்தால் கடுமையான மருந்து என்று போகிறார்கள். என் கருத்தில் இது தலைகீழான வழி. ரிம்மின் மேற்பரப்பு என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவையால் ஆன ரிம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4 முதல் 9 வரை அந்தப் படலம் தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் அமிலம் கரைக்கும், மேலே போனால் காரம் கரைக்கும். இரண்டுக்குமே இளகிக் கொடுக்கிற உலோகம் அது. நிறுவனத்திலிருந்து வரும் பெரும்பாலான அலாய் வீல்களில் இந்த உலோகத்துக்கு மேல் வண்ணமும், அதற்கு மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டும் இருக்கும். அந்தப் பூச்சு முழுமையாக இருக்கும்வரை கவலை குறைவு. ஒரு கீறல் விழுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

வாரம் ஒருமுறை கழுவுகிறவருக்குக் கார் ஷாம்பூவே போதும். நடுநிலை பி.எச். உள்ள ஷாம்பூ எந்தப் பூச்சையும் கெடுக்காது, கைக்கும் பாதகமில்லை. ஆனால், ஏற்கெனவே பூச்சில் பதிந்துவிட்ட இரும்புத் துகளை அதனால் எடுக்க முடியாது. கழுவித் துடைத்த பிறகும் விரலை வைத்துத் தடவினால் மணல் தாளைத் தொட்டதுபோல் நெருடும். அந்த நெருடல்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதற்கான அறிகுறி.

அடுத்த கட்டம் என்பது இரும்பு நீக்கி. அயர்ன் ரிமூவர் என்று கேட்டால் கடைகளில் தருவார்கள். இதில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பத்து ரசாயனம்தான்; அந்த நெடி இரண்டிலும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அதுவே. நிறமற்ற திரவத்தைக் குளிர்ந்த ரிம்மில் தெளித்து விட்டுப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள், ஸ்போக்குகளின் மூலைகளிலும் நட்டுகளைச் சுற்றியும் ஊதா நிறப் புள்ளிகள் அரும்பும். பிறகு அவை நீண்டு, நாவல்பழச் சாறு நிறத்தில் கோடுகளாக வழிந்து இறங்கும். ஒவ்வொரு கோடும் கரைந்து வெளியேறும் இரும்பு. அமிலமாக இல்லாமல், ஏறத்தாழ நடுநிலை பி.எச்.சிலேயே இரும்பை மட்டும் தேடிப் பிடித்துக் கரைப்பதுதான் இதன் பெருமை. குறைகள் என்று பார்த்தால் விலை, நெடி, பிறகு காயவிட்டால் கறை படியும் என்பது. வெயிலில் வைத்து அடிக்கக் கூடாது. ஓட்டி வந்த சூட்டோடும் கூடாது. ரிம்மைக் கையால் தொட்டுக் குளிர்ச்சியை உறுதி செய்துகொள்ள வேண்டும். தார், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றிடம் இது பலிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பயன்படுத்தினால் போதும். வாராவாரம் அடிப்பது பண விரயம்.

இவற்றுக்குப் போட்டியாக நிற்பது ஆசிட். வாட்டர் சர்வீஸ் கடைகள் சிலவற்றில் லேபிள் இல்லாத கேனிலிருந்து ஒரு திரவத்தைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்ப்பார்கள். நொடியில் ரிம் வெள்ளிபோல் மின்னும். வேகத்தில் இதை வெல்ல எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், என் வண்டிக்கு இதை அனுமதிக்க மாட்டேன். பாஸ்பாரிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பல வகை உண்டு. அவற்றில் மிக ஆபத்தானவை ஹைட்ரோபுளோரிக் அமிலமும் அதன் உறவான அமோனியம் பைபுளோரைடும். இவை தோலைச் சுட்டதோடு நிற்பதில்லை. தோலைத் துளைத்து உள்ளே போய் உடலின் கால்சியத்தோடு பிணைகின்றன. நீர்த்த கரைசல் பட்டால் வலி பல மணி நேரம் கழித்தே தெரியவரும். மருத்துவமனையில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவியே சிகிச்சையைத் தொடங்குவார்கள். கையுறைகூட இல்லாமல், நாள் முழுக்க அந்தக் கேனோடு நிற்கும் பையனின் விரல்களை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியின் நலன் அதற்கு அடுத்ததுதான். வண்டிக்கும் இது கேடுதான்: கிளியர் கோட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அமிலம் அதன் வழியே உலோகத்தை அடைந்து, சில வாரங்களில் ரிம்மைப் பால்போல் வெளிறச் செய்துவிடும். கழுவ வண்டியை விடும்போது, கேனில் இருப்பது என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், “ரிம்முக்கு ஷாம்பூ மட்டும் போடுங்கள்” என்று சொல்லிவிடலாம்.

காரத் தன்மை கொண்ட கிளீனர்கள் இடைநிலையில் நிற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்குக்கு நன்று. பூச்சு இல்லாத பாலிஷ் அலுமினியத்துக்கு ஆகாது, அது கறுத்துவிடும்.

வீட்டுப் பொருட்களைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பழக்கத்தில் ரிம்மிலும் புளியோ எலுமிச்சையோ தேய்த்துப் பார்க்கிறார்கள். அவற்றிலும் இருப்பது அமிலமே. வீரியம் குறைவு என்பதால் அவசரத்தில் பெரிய கேடு வராது, ஆனால் அதற்கேற்ற பலனும் வராது. பாத்திரம் தேய்க்கும் தூளும் கம்பி நாரும் மட்டும் கிட்டவே வரக் கூடாது. அவை அழுக்கோடு கிளியர் கோட்டையும் சுரண்டிவிடும். தார் புள்ளிக்கு மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள், அது டயர் ரப்பரை உப்பி இளக வைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். தார் நீக்கியைத் துணியில் தொட்டுப் புள்ளியில் மட்டும் வைத்து எடுப்பதே சரி.

டைமண்ட் கட் எனப்படும் இரட்டை நிற ரிம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முகப்பை லேத்தில் கடைந்து, வெறும் உலோகத்தின் மேல் நேரடியாகக் கிளியர் கோட் பூசப்பட்ட ரிம் இது. நடுவில் வண்ணப்பூச்சு கிடையாது. நடைபாதை விளிம்பில் உரசி ஓரத்தில் சிறு சிராய்ப்பு விழுந்தால் போதும், ஈரம் பூச்சுக்கு அடியில் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து பரவும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தூத்துக்குடியிலோ உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் இது விரைவாகவே நடக்கும். இந்த ரிம்முக்கு ஷாம்பூவும், பாட்டிலில் அனுமதி எழுதியிருந்தால் இரும்பு நீக்கியும் போதும், வேறெதுவும் வேண்டாம். குரோம் பூசிய ரிம்முக்கும் ஏறத்தாழ இதே விதிதான்.

ஸ்டீல் ரிம்முக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. பிளாஸ்டிக் வீல் கவரைக் கழற்றி, உள்ளே அடைந்த மண்ணைக் கழுவி, கிளிப் உரசித் துருப்பிடித்த இடங்களைத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்தால் பல ஆண்டுகள் ஓடும்.

கருவிகளில் மென்மையான பிரஷ்ஷும் தனி வாளியும் முக்கியம். ரிம்முக்குப் பயன்படுத்திய துணியைப் பின்னர் பானட்டில் வைத்தால், அதிலுள்ள இரும்புத் தூள் பெயின்டைக் கீறிவிடும். ஒரு சக்கரத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைத்துவிடுவது நல்லது. ரிம்மின் உட்புறத்தைக் கழுவ டயர்களை இடம் மாற்றும் நாளே தோது, சக்கரம் எப்படியும் கழன்றிருக்கும். பேலன்சிங்குக்காக ஒட்டிய ஈயம் அல்லது இரும்புத் துண்டுகளின் மேல் மட்டும் அழுத்தமான நீரைப் பாய்ச்சாதீர்கள்.

கழுவிய பிறகு பூசுவதிலும் மூன்று போட்டியாளர்கள். மெழுகு மலிவு, ஆனால் பிரேக் சூட்டிலும் அடிக்கடி கழுவுவதிலும் சீக்கிரம் போய்விடும். சீலன்ட் எனும் செயற்கைப் பூச்சு சில மாதங்கள் நிற்கும், வீட்டிலேயே பூசலாம். செராமிக் கோட்டிங் நீண்ட நாள் நிற்கும், தூசியும் எளிதில் விட்டு வரும். ஆனால் அதைப் பூசும் முன் ரிம் துளி இரும்பில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும்; அந்த உழைப்புக்கே கூலி அதிகம். புதிய ரிம் என்றால் செராமிக்கைப் பரிந்துரைப்பேன். ஐந்தாறு வருடம் ஓடிய ரிம்முக்குச் சீலன்ட் போதும்.

ஏற்கெனவே வெள்ளைக் கோடு பரவிவிட்ட டைமண்ட் கட் ரிம்மை எந்தக் கிளீனரும் மீட்காது. பழைய பூச்சை நீக்கி மறுபடி லேத்தில் கடைய வேண்டும். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் கொஞ்சம் குறைவதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய இயலாது. முகப்பு மினுமினுப்பை விட்டுக்கொடுத்து ரிம் முழுவதையும் ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் (வண்ணத் தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பதிக்கும் முறை) செய்துகொள்வது, கடலோர ஊர்க்காரர்களுக்கு அதைவிட நீடித்த தீர்வு.